நிரல் எழுதும் நிரல் நின்றுபோனால்

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில், பைத்தானிலிருந்து சி++ நிரலை இயக்கும் பாடம் உள்ளது. அதையொட்டி செஞ்சியில் எங்கள் மாணவர்களுக்கு ஒரு செயல்பாடு கொடுத்தேன். செஞ்சிக் கோட்டையைப் பற்றி சி++ மொழியில் ஒரு வினாடி வினா உருவாக்க வேண்டும். கோட்டை எந்த மூன்று மலைகளில் அமைந்துள்ளது? சிவாஜி அதைக் கைப்பற்றிய ஆண்டு எது? யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்ற ஆண்டு எது?

ஒவ்வொரு வினாவுக்கும் ஒரே மாதிரி வரிகளைத் தட்டச்சு செய்வது வீண் வேலை. எனவே வினா, விடைகளைப் பைத்தானில் ஒரு பட்டியலாக வைத்தோம். பைத்தான் நிரலே சி++ மூல நிரலை எழுதி, கோப்பாகச் சேமித்துவிடும்.

ஐடிலில் நன்றாக ஓடியது. அடுத்த வாரம் வேறொரு எடிட்டருக்கு மாறினோம். மாணவி ஒருவர் மூன்று வினாக்களை ஐந்தாக்கி இயக்கினார். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. ஆனால் சி++ கோப்பில் பழைய மூன்று வினாக்களே இருந்தன. "என் புரோகிராம்தான் தப்பு சார்" என்றவர், நான் அருகில் போவதற்குள் பாதி நிரலை அழித்துவிட்டார். கண்ட்ரோல்-இசட் அழுத்தி மீட்டோம். அந்த நிரலில் ஒரு தவறும் இல்லை.

காரணம் இதுதான். ஐடில், நிரல் இருக்கும் கோப்புறையிலேயே நின்று அதை இயக்கும். புதிய எடிட்டரோ நாங்கள் திறந்து வைத்திருந்த வெளிக் கோப்புறையில் நின்று இயக்கியது. ஐந்து வினாக்கள் கொண்ட கோப்பு வெளியே உருவாகியிருந்தது. நாங்கள் உள்ளே இருந்த பழைய கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்றிலிருந்து நிரலில் கைவைக்கும் முன் இவற்றைச் சரிபார்க்கச் சொல்கிறேன்:

1. எடிட்டரை விட்டு, நிரல் உள்ள கோப்புறையிலிருந்து கட்டளைச் சாளரத்தில் இயக்குக. அங்கே ஓடினால், சிக்கல் பெரும்பாலும் எடிட்டரின் அமைப்பில்தான்.

2. நிரல் எந்தக் கோப்புறையில் நிற்கிறது என்பதை அச்சிட்டுப் பார்க்க. உருவான கோப்பின் நேரத்தையும் பார்க்க.

3. கோப்பு காலியாக இருக்கிறதா? தமிழ் எழுத்துகளை எழுதும்போது யு.டி.எஃப்-8 குறிமுறையைக் குறிப்பிடாவிட்டால், விண்டோஸில் பைத்தான் பாதியில் நின்றுவிடலாம். எழுதுவதற்காகத் திறந்தவுடனேயே பழைய உள்ளடக்கம் போய்விடும். பிறகு சி++ நிரல்பெயர்ப்பி 'மெயின்' இல்லை என்று புகார் சொல்லும். பிழை தெரியும் இடம் ஒன்று, பிறந்த இடம் வேறு.

4. கோப்பை மூடிய பிறகுதான் நிரல்பெயர்ப்பியை அழைக்கிறோமா? மூடாவிட்டால் கடைசி வரிகள் வட்டுக்குப் போய்ச் சேராமல் இருக்கலாம்.

5. நிரல்பெயர்ப்பியைப் புதிதாக நிறுவி அதன் பாதையைச் சேர்த்திருந்தால், எடிட்டரை முழுவதும் மூடித் திறக்க.

அடுத்த வகுப்பில் இந்தப் பிழைகளை நானே வேண்டுமென்றே வைத்து, குழுவுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். ஒரே விதி: எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று குறிப்பேட்டில் எழுதிய பிறகே விசைப்பலகையைத் தொடலாம். முதலில் அழித்த மாணவியே தம் குழுவின் பிழையை முதலில் கண்டுபிடித்தார்.

கணக்குப் பாடத்திலும் இதைக் காண்கிறோம். விடை பொருந்தவில்லை என்றதும் குழந்தை சரியான வழிமுறையையும் சேர்த்து அழித்துவிடுகிறது. வினாவிலிருந்து எண்ணைத் தவறாக எடுத்து எழுதியதுதான் பிழையாக இருக்கும். அழிப்பானை எடுக்கும் முன் எந்தப் படி வரை சரி என்று கேட்கப் பழக்குவோம். எந்த வகுப்புக்கும் பொருந்தும் பாடம் இது.