மணாலி–லே நெடுஞ்சாலையும் கோலார் தங்கவயலும்

கோலார் தங்கவயல் என்றதும் சுரங்கமே நினைவுக்கு வரும். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்ற அச்சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. ஆயினும் 1964-இல் தோன்றிய பாரத் எர்த் மூவர்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனத்தின் தொழிற்சாலை அவ்வூரில் இன்றும் இயங்குகிறது. அங்கு உருவாகும் புல்டோசர்களைப் பயன்படுத்துவோருள் எல்லைச் சாலைகள் அமைப்பும் ஒன்று. 1960 முதல் இமயமலைப் பகுதிகளில் சாலையிட்டுக் காத்துவரும் இவ்வமைப்பின் பொறுப்பில் உள்ளதே மணாலி–லே நெடுஞ்சாலை.

ஏறத்தாழ 430 கிலோமீட்டர் நீளமுள்ள இச்சாலை, இமாசலப் பிரதேசத்தின் தேவதாருக் காடுகளை விட்டு லாஹௌலைக் கடந்ததும், மரமே காணாத குளிர்பாலைக்குள் நுழைகிறது. பாரலாச்சா, லாச்சுலுங், தங்லங் ஆகிய கணவாய்களைத் தாண்டியே லேவை அடைய வேண்டும். தங்லங் கணவாயின் உயரம் 5,300 மீட்டர் அளவினது. அடுத்த பெட்ரோல் நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்ற அறிவிப்புப் பலகை தாண்டி என்னும் சிற்றூரில் நெடுங்காலம் நின்றது. காட்சியின் எழிலை மட்டும் எழுதிச் செல்வோர் அப்பலகையையும் குறிப்பிடுதல் நன்று.

அவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் பாதியளவே. போதிய காற்றின்றி டீசல் எஞ்சினின் ஆற்றல் குன்றும். கடுங்குளிரில் டீசலும் உறையத் தலைப்படும். ஆகவேதான் காற்றை அழுத்தி உட்செலுத்தும் டர்போ அமைப்பு அங்கு இன்றியமையாததாகிறது. மண்ணிலுள்ள நீர் உறைந்து விரிந்து சாலையின் மேற்பரப்பைப் பெயர்ப்பதால், ஆண்டுதோறும் பழுதுபார்ப்பும் உண்டு. பனிக்காலத்தில் பல மாதங்கள் சாலை அடைபடும். பின்னர் மணாலிப் பக்கமிருந்து தீபக் திட்டமும் லே பக்கமிருந்து ஹிமாங்க் திட்டமும் பனியை அகற்றிக்கொண்டு எதிரெதிரே முன்னேறுகின்றன. அடைபட்ட மாதங்களுக்கான உணவும் எரிபொருளும் கோடையிலேயே சேமிக்கப்பட வேண்டியிருத்தலால், அதில் முடங்கும் மூலதனமும் சாலையின் செலவாகவே கணக்கிடத்தக்கது.

2020 அக்டோபர் 3-இல் திறக்கப்பட்ட 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை, ரோத்தாங் கணவாயைத் தவிர்த்து 46 கிலோமீட்டர் தூரத்தைக் குறைத்தது. குளிர்காலத்தில் ஹெலிகாப்டரை எதிர்நோக்கியிருந்த லாஹௌல் மக்களுக்கு இது பெரும்பேறு. லடாக்கிற்கோ பயன் அரைகுறையே. ஏனைய கணவாய்கள் பனிக்குள் அப்படியே உள்ளன. ஆதலின் தார்ச்சாவிலிருந்து ஜான்ஸ்கர் வழியாக நிம்மு செல்லும் மாற்றுச் சாலையில், ஷின்கு லா கணவாயின் அடியில் 4.1 கிலோமீட்டர் சுரங்கப்பாதைக்கான பணி 2024 ஜூலை 26-இல் தொடங்கப்பட்டது. அது நிறைவுற்றாலும், இரு வாயில்களுக்கும் வெளியே மலைச்சரிவிலிருந்து இறங்கும் பனியை ஒவ்வொரு குளிர்காலத்திலும் புல்டோசர்களே தள்ள வேண்டியிருக்கும்.