இடர்க்காலத்துக்கு இல்லத்தை ஆயத்தஞ் செய்தல்

கமக்காரர்களே,

நானாட்டான் பகுதியில் வாழ்வோர் இடர்களை அறியாதவர் அல்லர். 1964 ஆம் ஆண்டு டிசம்பர் 22 ஆம் நாள் இரவு வீசிய புயல் மன்னார்க் கரையையும் எதிர்க்கரையிலுள்ள தனுஷ்கோடியையும் தாக்கிற்று. 1990 களிற் போரின் காரணமாக வடபகுதியின் பல இடங்களுக்கு மண்ணெண்ணெயும் உரமும் சவர்க்காரமும் செல்வது தடைப்பட்டது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டது. 2022 இல் நாட்டின் அந்நியச் செலாவணி வற்றவே, எரிபொருளும் எரிவாயுவும் அரிதாயின. மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்றது. அதே மாதத்திற் சில குடும்பங்கள் குழந்தைகளுடன் படகேறித் தனுஷ்கோடிக் கரையை அடைந்தன.

இவ்விடர்களின் காரணங்கள் வெவ்வேறு; வீட்டில் அவற்றின் விளைவு ஒன்றே. பாதை அடைபடும், கடை வெறுமையாகும். ஆதலின் ஆயத்தமும் ஒன்றே.

1. அறுவடையைப் பகுத்தல்

நெல் முழுவதையும் களத்திலேயே வியாபாரிக்கு அளந்துவிட்டுப் பின்னர்க் கடையில் அரிசி வாங்குதல் பல வீடுகளில் வழக்கமாயிற்று. கடன் நெருக்குவதே இதற்குக் காரணம். ஆயினும், கடை மூடப்படும் நாளில் நெல் விளைவித்த வீடும் விளைவியாத வீடும் ஒரே நிலையை அடையும். எனவே வியாபாரியின் லொறி வருமுன்னரே முதலில் விதையையும், அடுத்து வீட்டுணவையும் ஒதுக்குக, எஞ்சியதை விற்க. ஒரே போகத்தில் இது இயலாவிடின், முதலாண்டில் விதையும் மூன்று மாத உணவும், அடுத்த ஆண்டில் ஆறு மாத உணவும் எனப் படிப்படியாகச் சேர்த்தல் வேண்டும்.

2. விதைநெல்

வீசி விதைப்பதற்கு ஏக்கருக்கு ஏறக்குறைய 2 புசல் விதை வேண்டும். மாரி வெள்ளத்தில் முதல் விதைப்பு அழியக்கூடுமாகையால், மறு விதைப்புக்கு மேலும் 2 புசல் வைத்திருத்தல் நன்று. இது இரண்டரை அல்லது மூன்று மாத இனமாயிருப்பின் பிந்தி விதைத்தாலும் பயன் தரும்.

விதையைப் பாயில் மெல்லிதாகப் பரப்பி, இரண்டு மூன்று நாள் வெயிலிற் காய வைக்கவும். பல்லாற் கடிக்கும்போது மணி நசுங்காது ‘டக்’ என முறிதல் வேண்டும். சூடாறிய பின்னரே சாக்கிலிட்டு, நிலத்திலும் சுவரிலும் படாதவாறு பலகைமேல் அடுக்குக. செப்டெம்பரில் 100 மணிகளை ஈரச் சாக்கில் வைத்து முளைக்கவிட்டு எண்ணுக. 85 க்குக் குறையின் வேறு விதை தேட அப்பொழுதே காலமுண்டு.

எவ்வளவு நெருக்கடி நேரினும் விதைநெல்லில் இறுதியாகவே கைவைத்தல் வேண்டும். விதையை உண்ட வீட்டுக்கு மழை வந்தும் பயனில்லை.

3. உணவு

ஐவர் கொண்ட குடும்பத்துக்கு நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோகிராம் அரிசி எனக் கொண்டால், மாதத்துக்கு 45 கிலோகிராம் ஆகும். ஒரு புசல் நெல்லிலிருந்து ஏறக்குறைய 13 கிலோகிராம் அரிசி கிடைக்கும். எனவே ஆறு மாதத்துக்கு 21 புசல் நெல் ஒதுக்குக. பயறு, உளுந்து, குரக்கன், ஒடியல், பனாட்டு, கருவாடு, உப்பு ஆகியனவும் வீட்டில் இருத்தல் வேண்டும். மின்சாரம் நின்றால் அரிசி ஆலையும் நிற்கும். ஆகவே உரலையும் உலக்கையையும் ஆட்டுக்கல்லையும் எறிந்துவிடாதீர்கள். மழைக்கு முன் விறகை வெட்டிக் கூரையின் கீழ் அடுக்குக.

4. நீரும் வெள்ளமும்

அருவியாறு அனுராதபுரப் பக்கத்து மழைநீரையும் கொண்டு வந்து அரிப்பில் கடலோடு கலக்கின்றது. ஆதலால் இங்கு வானம் வெளித்திருக்கும்போதும் வெள்ளம் வரலாம். ஆற்று நீர்மட்ட அறிவித்தலைக் கேட்ட உடனே மாடுகளின் கயிற்றை அவிழ்த்து மேட்டுநிலத்துக்குச் சாய்த்துச் செல்க. விதைச் சாக்குகளை உயரத்தில் ஏற்றுக. ஐவருக்கு ஒரு வாரத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஏறக்குறைய 140 லீற்றர் நீர் மூடிய கலங்களில் இருத்தல் வேண்டும். வெள்ளம் புகுந்த கிணற்றை இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கொண்டு குளோரின் இடுவித்த பின்னரே பயன்படுத்துக. அதன் பின்னும் நீரைக் கொதிக்கவைத்தே பருகுக.

காணி உறுதி, அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்று ஆகியவற்றை நீர் புகாத பையிலிட்டு, எடுத்துச் செல்ல இலகுவான இடத்தில் வைத்திருக்கவும்.

5. எருவும் அயலும்

2021 இல் எருக்குவியல் வைத்திருந்தவருக்கு ஓரளவேனும் கைகொடுக்க ஒன்று இருந்தது. வேலியிற் கிளிசிறிடியா நாட்டி, அதன் தழையையும் மாட்டெருவையும் குவித்து மக்கவிடுக. உரம் கிடைக்கும் ஆண்டிலும் இது மண்ணுக்கு நன்மையே.

தனியொரு வீட்டின் களஞ்சியம் நெடுநாள் நிலைக்காது. அயல்வீடு பசித்திருக்க நம் வீடு அச்சமின்றி உறங்குதல் இயலாது. ஆகவே ஒவ்வொரு கமக்காரர் அமைப்பும் பொதுவில் விதைநெல் சேமித்து, இழந்தவருக்குக் கடனாகக் கொடுத்து அறுவடையில் திருப்பிப் பெறலாம். முதியோர், கர்ப்பிணிகள், தனித்து வாழ்வோர் இருக்கும் வீடுகளை முன்கூட்டியே குறித்து வைத்து, யார் யாருக்குத் துணை என்பதையும் தீர்மானித்துக்கொள்க. இடர் நேரத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்னும் இலக்கத்தில் அழைக்கலாம்.

காலபோக அறுவடையிற் சேமியுங்கள். செப்டெம்பர் முடியுமுன் யாவற்றையும் ஒருமுறை பரிசோதியுங்கள். ஐயங்களுக்கு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.