மலையே வகுப்பறை

ஆண்டுதோறும் நாடு நாடாகச் சென்று தங்கிப் படிக்கும் உயர்பள்ளிகள் உலகில் உண்டு. நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு லயத்துக்கு மேலேயுள்ள மலை போதும்.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணில் புதைந்தன. பாடசாலை சென்றிருந்த பிள்ளைகள் தப்பினர். சிலர் பெற்றோரை இழந்தனர். 2005லும் 2011லும் எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. மாற்றுக் குடியிருப்போ அனர்த்தத்தின் பின்னரே வந்தது.

மழைக்காலத்துக்கு முன்பே மாணவரோடு மலையேறுவோம். நிலம் வெடித்துள்ளதா, மரங்கள் சாய்கின்றனவா, புதிய ஊற்றுகள் உண்டா, கான்கள் அடைபட்டுள்ளனவா? கொழுந்தெடுக்கும் தாய்மாரைக் கேட்கட்டும். புத்தகத்தில் மட்டும் புவியியல் படித்த நம்மைவிட அவர்கள் நல்ல ஆசிரியர்கள். கண்டதைப் படமாக வரைந்து, தோட்ட நிர்வாகத்திடமும் கிராம உத்தியோகத்தரிடமும் மாணவரே கொடுக்கட்டும். அடைமழை நாளில் மட்டும் இந்த வகுப்பு வேண்டாம்.