குப்பம்மாள் குப்பம்மாளாகவே இருக்கட்டும்

அன்புள்ள யாழினிக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ அனுப்பிய வம்சாவளிப் படம் வந்து சேர்ந்தது. ஐந்து தலைமுறையை ஒரே தாளில் அடக்கியிருக்கிறாய், சபாஷ். ஆனால் என் பாட்டி இருக்க வேண்டிய கட்டத்தில் ‘புஷ்பா’ என்று போட்டிருக்கிறதே, அது யாரம்மா? உன் அப்பாவுக்கு போன் போட்டுக் கேட்டேன். “குப்பம்மாள்னு போட்டா நாளைக்கு யாராவது பாத்துச் சிரிப்பாங்கன்னு மாத்திட்டா” என்றான். போதும்பொண்ணு ‘பொன்னி’ ஆகிவிட்டாள். பாவாடைத் தாத்தாவை ஆளையே காணோம்.

சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் பெயரில் கை வைப்பதற்கு முன் அது எப்படி வந்தது என்று தெரிந்துகொள்.

பிள்ளைகள் அடுத்தடுத்துத் தவறிப்போன வீட்டில், அதற்கடுத்துப் பிறந்ததைக் குப்பைமேட்டில் போட்டுப் புரட்டி எடுத்து குப்பன், குப்பம்மாள், குப்புசாமி என்று பெயரிடுவார்கள். ‘இது எங்களுக்கே வேண்டாத சரக்கு’ என்று எமனுக்குப் போக்குக் காட்டுவதுதான் நோக்கம். மண்ணாங்கட்டியும் அந்த வகை. சில வீடுகளில் பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு, தவிடு கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள். ‘உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்’ என்று சின்ன வயதில் உன்னை அழவைப்பேனே, அதன் வேர் இதுதான். பிச்சை என்றால் நாலு வீட்டில் மடியேந்திய பிள்ளை. ஆணானாலும் மூக்கு குத்திவிடுவார்கள். மூக்கன், மூக்கையா எல்லாம் அப்படி வந்தவர்கள். எழுத்தாளர் ந. பிச்சமூர்த்திக்கு 1900-இல் கும்பகோணத்தில் வைத்த பெயர் வேங்கட மகாலிங்கம். நிலைத்தது என்னவோ பிச்சைதான். வங்காளத்தில் மூன்று சோழிக்கு விற்ற பிள்ளை தீன்கொரி, ஐந்து சோழிக்கு விற்றது பாஞ்ச்கொரி. ஊருக்கு ஊர் எமனை ஏமாற்ற ஒரே தந்திரம்தான் போலிருக்கிறது.

இப்போது நம் பாட்டியிடம் வா. அவளுக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் போனதாக அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். ஆணா பெண்ணா, அவளுக்கே தெரியாது. பழைய பிறப்புப் பதிவேடுகளில் பெயர்க் கட்டம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். ஆணா பெண்ணா, தகப்பன் யார், அவ்வளவோடு சரி. பெயர் வைப்பதற்குள் போன பிள்ளைக்கு அதுவும் உண்டோ இல்லையோ. அந்த இருவரும் இந்த வீட்டில் பிறந்தார்கள் என்பதற்குக் குப்பம்மாள் என்ற பெயர் ஒன்றுதான் சாட்சி. புஷ்பா என்று திருத்தியது சாட்சியைக் கலைக்கிற வேலை. அவளை அவள் பெயரிலேயே எழுதி, முன்னால் இரண்டு கட்டங்களைப் பெயரில்லாமல் போட்டுவை.

அதற்காகக் கண்ட குப்புசாமிக்கெல்லாம் கண்ணீர் விடாதே. பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது நம் வழக்கம். துக்கம் முதல் குப்புசாமியோடு சரி, மற்றவர்கள் வாரிசுகள். மொரீஷியஸில் கூப்பூசாமி என்று அது குடும்பப் பெயராகவே ஆகிவிட்டது. பாவாடையில் துக்கம் துளியும் இல்லை. மேல்மலையனூர் அங்காளம்மனுக்குக் காவலாக நிற்கிற பாவாடைராயன் பெயர் அது. நம் பக்கத்தில் மீசை முறுக்கிய ஆம்பிளைகள் பெருமையாகச் சுமந்த பெயரைப் பார்த்து உனக்குத் துணிக்கடை நினைவு வந்தால் அதற்குத் தாத்தா என்ன செய்வார்?

வம்சாவளிக்காகப் பழைய பத்திரங்களைப் பார்க்கும்போது ‘என்கிற’ என்ற சொல்லைத் தேடு. ‘குப்பம்மாள் என்கிற லட்சுமி’ என்று ஒரு வரி அகப்பட்டால் இரண்டு ஆள் ஒரே ஆளாகிவிடும். கல்யாணமானவளை த/பெ-யில் தேடிப் பயனில்லை, க/பெ-யில் தேடு.

போதும்பொண்ணு விஷயம் வேறு. அதில் எமனை ஏய்க்கிற பாசமெல்லாம் கிடையாது. பெண்ணாகவே பிறக்கிறதே என்ற சலிப்புதான். திருத்தணிப் பக்கம் ‘வேண்டாம்’ என்றே பெயர் வைத்ததுண்டு. மராட்டியத்தில் சாத்தாரா மாவட்டத்தில் ‘நகுசா’, அதாவது வேண்டாதவள், என்று பெயர் சுமந்த 285 பெண்களுக்கு 2011-இல் விழா எடுத்துப் புதுப்பெயர் சூட்டினார்கள். நல்ல காரியம். உயிரோடு இருப்பவள் தன் பெயரை மாற்றிக்கொள்ளட்டும், அது அவள் உரிமை. போனவர்கள் பெயரில் நமக்கு என்ன உரிமை?

உன் அத்தைப் பாட்டி போதும்பொண்ணு செஞ்சியில் திடமாகத்தான் இருக்கிறாள். அவளுக்குப் ‘பொன்னி’ என்று நீ எப்படி முடிவுசெய்தாய்? நேரில் போ. மத்தியானம் தூங்குவாள், காலையிலேயே போய்விடு. வெற்றிலை வாங்கிக்கொண்டு போ. எடுத்த எடுப்பில் ‘ஏன் இந்தப் பேரு வச்சாங்க’ என்று கேட்காதே, வாயை மூடிக்கொள்வாள். ‘நீங்க எத்தனையாவது பிள்ளை’ என்று கேள், அக்காமாரை ஒவ்வொருத்தியாகச் சொல்லிக்கொண்டு வருவாள். கடைசியாக, படத்தில் எந்தப் பெயர் போடட்டும் என்று அவளிடமே கேட்டு, அவள் சொல்வதைப் போடு.

அன்புடன்,
பெரியப்பா