விளக்கு எரியாவிடில் வழியைத் தேடுக

இரவில் செல்லும் வண்டிக்கு விளக்கு இருவகையில் உதவுகிறது. முன்விளக்கு ஓட்டுவோனுக்கு வழியைக் காட்டுகிறது. பின்விளக்கு வண்டியைப் பிறருக்குக் காட்டுகிறது. முன்விளக்கு அணைந்தால் ஓட்டுவோன் அக்கணமே அறிவான். பின்விளக்கு அணைந்தாலோ அவன் அறிவதில்லை. பின்னே வருவோன் அறியும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது. ஆகவேதான், நம் வண்டியின் உறுப்புக்களில் நமக்கென்று அல்லாமல் முற்றிலும் பிறருக்காகவே உள்ளது பின்விளக்கு என்று சொல்லலாம்.

முன்னாளில் நம் பெரியோர் மாட்டு வண்டியின் அடியில் அரிக்கேன் விளக்கு ஒன்றைத் தொங்கவிட்டுச் சென்றனர். வண்டியும் மெல்லச் சென்றது. அதே சாலையில் வந்த மற்றவையும் பெரும்பாலும் மெல்லவே வந்தன. இன்று நிலைமை வேறு. ஏம்பலத்திலிருந்து கரிக்கலாம்பாக்கம், நெட்டப்பாக்கம், பாகூர், வில்லியனூர் முதலிய ஊர்களுக்குப் போகும் வழிகளில் ஊரைக் கடந்தால் இருமருங்கும் வயலும் இருளுமே. அவ்வழிகளில் நெல் மூட்டையும் வைக்கோலும் கரும்பும் ஏற்றிய டிராக்டர் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறது. நூல் கட்டும் கைலிக் கட்டும் ஏற்றிய சிறு லாரி அதனைக் கடக்கிறது. இருசக்கர வண்டிகள் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வருகின்றன. லிங்காரெட்டிப்பாளையத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இயங்கிய நாட்களில், கரும்பு வண்டிகள் இரவிலும் சாரிசாரியாகச் சென்றதை மூத்த அங்கத்தினர் நினைவில் வைத்திருப்பர்.

இங்கு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருவோன் ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறான். 1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், பின்புறச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தொலைவிலிருந்து தெரிய வேண்டுமென்று கூறுகின்றன. சாலையோரம் நிற்கும் டிரெய்லரின் விளக்கு அவ்வாறு தெரியுமாயின், பின்னே வருவோனுக்கு ஒன்பது விநாடி அவகாசம் உண்டு. விளக்கின்றி 30 மீட்டரில்தான் அந்த வண்டி அவன் கண்ணில் படுமாயின், அவனுக்கு உள்ள அவகாசம் இரண்டு விநாடிகூட இல்லை. ஆபத்தைக் கண்டு காலைப் பிரேக்கில் வைப்பதற்கே ஒரு விநாடிக்கு மேல் ஆகும். ஆகவே ஒரு சிறு பல்பின் பழுது ஓர் உயிரின் விலையாகலாம் என்பதை நாம் மறத்தலாகாது.

மின்சாரத்தின் வழி

விளக்கு எரியாவிட்டால் நம்மில் பலர் முதலில் செய்வது புதுப் பல்பு வாங்குவதே. அதுவும் எரியாவிட்டால் மற்றொன்று வாங்குகிறோம். இஃது எத்தகையது? பாவில் ஓர் இழை அறுந்ததற்காகத் தறியையே மாற்றுவது போன்றது. நல்ல நெசவாளர் அறுந்த முனையைத் தேடி முடிச்சிடுவார். தறியைக் குறை கூறமாட்டார்.

உழவருக்கும் இம்முறை புதியதன்று. தென்பெண்ணையாற்றின் நீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே பாகூர் ஏரிக்கு வருகிறது. ஏரியிலிருந்து மதகு, கிளை வாய்க்கால், மடை எனக் கடந்து வயலை அடைகிறது. கடைமடைக்கு நீர் வராவிட்டால் நாம் வயலை மாற்றுவதில்லை. வாய்க்கால் கரையில் நடந்து, அடைப்பு எங்கே என்று பார்க்கிறோம். வண்டியில் பாட்டரியே ஏரி; பியூசும் சுவிட்சும் மதகுகள்; ஒயர் வாய்க்கால்; பல்பு வயல்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மின்சாரம் பல்போடு நின்றுவிடாது. அது வண்டியின் இரும்பு உடல் வழியாகப் பாட்டரியின் எதிர்முனைக்குத் திரும்பிச் சென்றாக வேண்டும். இத்திரும்பும் வழியையே மெக்கானிக்குகள் ‘எர்த்’ என்கின்றனர். நீர் தேங்கி நிறைந்த வயலில் வடிகால் அடைபட்டிருந்தால் புதுநீர் பாயாதன்றோ? அதுபோல எர்த் கெட்டிருந்தால், வரும் வழி எவ்வளவு நன்றாயிருந்தும் விளக்கு எரியாது. டிரெய்லர் விளக்குகளின் பழுதில் பெரும்பகுதி இந்த வடிகால் பழுதே ஆகும்.

கையில் இருக்க வேண்டியவை

திருப்புளி ஒன்று, உப்புத்தாள் ஒரு துண்டு, ஒட்டு டேப்பு, உரிய அளவுள்ள பல்புகளும் பியூசுகளும் இரண்டிரண்டு, ஐந்து மீட்டர் ஒயர் ஆகியவை போதும். இவற்றோடு சோதனை விளக்கு ஒன்றை நாமே செய்துகொள்ளலாம். 12 வோல்ட், 5 வாட் பல்பை ஒரு ஹோல்டரில் பொருத்தி, அதிலிருந்து இரண்டு ஒயர்களை எடுத்து, ஒன்றின் முனையில் கிளிப்பும் மற்றதன் முனையில் கூரிய கம்பியும் வைத்தால் சோதனை விளக்கு ஆயிற்று. களிம்பேறிய ஒயர் அளவு கருவியில் வோல்ட்டைக் காட்டிவிடும். ஆனால் பாரம் தாங்காது. சோதனை விளக்கோ மங்கி எரிந்து உண்மையைச் சொல்லிவிடும்.

வேலை தொடங்குமுன் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சக்கரத்திற்கு அண்டை கொடுத்தல் வேண்டும். தூக்கி நிறுத்திய டிப்பரின் கீழே எக்காரணம் கொண்டும் புகுதலாகாது.

குறியைப் படித்தல்

வைத்தியர் நாடி பார்ப்பதுபோல முதலில் குறியைப் பார்க்க வேண்டும்.

ஒரு பக்க விளக்கு மட்டும் எரியாவிட்டால், பழுது அப்பக்கத்துப் பல்பிலோ ஹோல்டரிலோ ஒயரிலோ இருக்கும்.

இருபக்கமும் எரியாவிட்டால், இரண்டு பல்பும் ஒரே வேளையில் கெடுதல் அரிது. பியூஸ், சுவிட்சு, டிரெய்லர் பிளக்கு, எர்த் ஆகிய பொது இடங்களைப் பார்க்க வேண்டும்.

இண்டிகேட்டர் மிக விரைவாகச் சிமிட்டினால், அப்பக்கத்தில் ஒரு பல்பு போயிருக்கும். அல்லது குறைந்த வாட் பல்போ எல்.இ.டி. விளக்கோ மாற்றிப் போட்டிருப்பர்.

பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு மங்குவதும், இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் கூடவே சிமிட்டுவதும் எர்த் கெட்டதன் தெளிவான அடையாளம். தன் வழி அடைபட்ட மின்சாரம் பக்கத்துப் பல்பின் இழை வழியே திரும்ப முயல்வதால் இந்த விந்தை நேர்கிறது.

பிரேக் விளக்கு ஒருபோதும் எரியாவிட்டாலும், ஓயாமல் எரிந்தாலும் மிதியடியருகே உள்ள பிரேக் சுவிட்சைப் பார்க்க வேண்டும். எரியாதபோது அச்சுவிட்சின் இரண்டு ஒயர்களையும் கணநேரம் இணைத்தால் விளக்கு எரியுமாயின், குற்றம் சுவிட்சினுடையதே.

எல்லா விளக்குகளும் மங்கியிருந்தால் பாட்டரி முனைகளைக் காண்க. அங்கே வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருப்பதைச் சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவித் துடைத்து, இறுக்கி, மேலே வாசலின் தடவ வேண்டும்.

படிப்படியாகச் சோதித்தல்

இடப்பக்கப் பின்விளக்கு எரியவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

முதலாவது, அப்பல்பை எடுத்து வலப்பக்க ஹோல்டரில் போட்டுப் பார்க்க வேண்டும். அங்கே எரிந்தால் பல்பு நல்லது, காசு மிச்சம். பின்விளக்குப் பல்புகள் பலவற்றில் இரண்டு இழைகள் உண்டு: பின்விளக்குக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். அப்பல்பின் இரண்டு பக்க முளைகளும் ஒரே உயரத்தில் இரா. எளிதில் நுழையாவிட்டால் திருப்பிப் போட வேண்டுமேயன்றி, வலிந்து திணித்தல் கூடாது.

இரண்டாவது, ஹோல்டரின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். நம் பகுதியில் கடற்காற்றும் சேற்றுநீரும் சேர்ந்து பித்தளையில் களிம்பேற்றிவிடும். சுவிட்சை அணைத்துவிட்டு உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்தல் வேண்டும்.

மூன்றாவது, சோதனை விளக்கின் கிளிப்பைப் பாட்டரியின் எதிர்முனையிலோ, டிராக்டரின் பெயிண்ட் அற்ற இரும்பிலோ பிடித்துக்கொள்ள வேண்டும். ஒயர் எட்டாவிடில் ஐந்து மீட்டர் ஒயரை அதனோடு சேர்த்துக்கொள்ளலாம். டிரெய்லரின் உடலில் பிடித்தல் தவறு. அதன் எர்த்தே ஐயத்திற்குரியது. விளக்குச் சுவிட்சைப் போட்டு, கூரிய முனையால் ஹோல்டரின் நடு முளையைத் தொட வேண்டும். சோதனை விளக்கு எரிந்தால் வரும் வழி நன்று. திரும்பும் வழியே பழுது. ஹோல்டரின் உடலிலிருந்து பாட்டரியின் எதிர்முனைக்கு ஓர் ஒயர் கொடுத்துப் பார்த்தால் வண்டியின் விளக்கே எரிந்து இதனை உறுதி செய்யும்.

நான்காவது, சோதனை விளக்கு எரியாவிட்டால் வழியின் நடுவிடத்திற்குச் செல்ல வேண்டும். டிராக்டரின் பின்னால் டிரெய்லர் பிளக்கு செருகும் சாக்கெட்டே அந்நடுவிடம். அங்கே எரிந்தால் பழுது டிரெய்லரில் உள்ளது. எரியாவிட்டால் டிராக்டரில் உள்ளது. இவ்வாறு ஒவ்வொரு தடவையும் பாதி வழியைத் தள்ளிவிடலாம். எரியும் இடத்திற்கும் எரியாத இடத்திற்கும் இடையில்தான் குற்றம் ஒளிந்திருக்கும்.

ஒரு டிரெய்லரின் கதை

அறுவடைக் காலம் ஒன்றில் நாம் கண்டதை இங்குக் கூறுதல் பொருந்தும். ஒரு டிரெய்லரின் பின்விளக்குகள் நெல் ஏற்றிச் செல்லும்போது நன்றாய் எரிந்தன; இறக்கிவிட்டு வெறுமையாய்த் திரும்பும்போது அணைந்து அணைந்து எரிந்தன. பல்பு இருமுறை மாற்றப்பட்டது; பயனில்லை. ஓரிரவு பின்னே வந்த இருசக்கர வண்டிக்காரர் கடைசிக் கணத்தில் ஒடித்து வயலில் இறங்கி உயிர் தப்பினார். மறுநாள் சோதித்தபோது காரணம் விளங்கிற்று. பிளக்கினுள் எர்த் ஒயர் அறுந்து கிடந்தது. மின்சாரம் கொக்கியின் ஆணி வழியாகவே திரும்பிக்கொண்டிருந்தது. பாரம் இருந்தபோது கொக்கி அழுந்தி ஆணியைத் தொட்டது. பாரம் இல்லாதபோது குதித்து விலகிற்று. ஆணியிலோ கிரீசும் மண்ணும். அறுந்த முனையைச் சீவிப் பிளக்கில் மீண்டும் முடுக்கிய பின் தொல்லை நீங்கிற்று. செலவு ஏதுமில்லை, தேடுவதற்கான பொறுமையே வேண்டியிருந்தது.

ஆகவே கொக்கியை எர்த்தாக நம்புதல் கூடாது. ஏழு முள் பிளக்கில் எர்த்துக்கென்றே ஒரு முள் உண்டு, ஐ.எஸ்.ஓ. 1724 என்னும் உலகத் தரத்தில் அது மூன்றாம் எண். ஒயரின் நிறத்தை மட்டும் நம்பலாகாது. முன்பு பழுது பார்த்தவர் கைக்குக் கிடைத்த ஒயரைப் போட்டிருக்கக்கூடும். எண்ணைப் பார்த்து, சோதித்துத் துணிதல் வேண்டும்.

பியூஸ் காவற்காரன்

இரண்டு 5 வாட் பின்விளக்குகள் ஒரு ஆம்பியருக்கும் குறைவான மின்சாரமே உண்ணும். இரண்டு 21 வாட் பிரேக் விளக்குகள் மூன்றரை ஆம்பியர் உண்ணும். அப்படியிருக்க, 10 ஆம்பியர் பியூஸ் காரணமின்றி உருகுமோ? உருகிற்று என்றால், எங்கோ ஓர் ஒயர் உரசித் தோல் உரிந்து இரும்பைத் தொடுகிறது. அல்லது எலி கடித்திருக்கிறது. அதனைத் தேடாமல் செப்புக் கம்பியையோ சிகரெட்டுத் தாளையோ சுற்றி வைப்பது, காவற்காரனைத் துரத்திவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதாகும். அப்போது பியூஸ் உருகாது. ஒயரே பழுத்து எரியும். மேலே இருப்பது வைக்கோல் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நூல் கட்டு ஏற்றிய வண்டிக்கும் இவ்வாபத்து உண்டு. பத்து ஆம்பியருக்குப் பத்தே போட வேண்டும்.

அன்றாட ஒழுங்கு

மாலையில் புறப்படுமுன் ஒருவர் விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட, மற்றவர் பின்னே நின்று பார்த்தல் வேண்டும். தனியாள் ஆனால் வெள்ளைச் சுவரொன்றுக்கு முன் வண்டியின் பின்புறத்தை நிறுத்திப் பிரேக்கை மிதித்தால், சுவரில் படும் சிவப்பு ஒளியே சாட்சி சொல்லும். சேறு படிந்த கண்ணாடியின் பின்னே எரியும் விளக்கு எரியாத விளக்கே. துடைக்கத் துணி ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். வைக்கோலும் கரும்பும் தொங்கி விளக்கை மறைக்காதபடி கட்ட வேண்டும். பின்புறத்தில் சிவப்பு ரிஃப்ளெக்டர்களும் ஒளி திருப்பும் பட்டைகளும் இருத்தல் வேண்டும். அவற்றிற்குப் பாட்டரியும் வேண்டா, ஒயரும் வேண்டா. விளக்கு வழியில் அணைந்தாலும், பின்னே வருவோனின் வெளிச்சத்தையே திருப்பி அனுப்பி நம்மைக் காட்டும். எனினும் அவை விளக்குக்குத் துணையேயன்றி மாற்று அல்ல.

சங்கங்கள் தம் வண்டிகளுக்கு ஒரு குறிப்பேடு வைத்து, எந்த நாளில் எந்த விளக்கு எக்காரணத்தால் கெட்டது என்று எழுதி வருதல் நலம். ஒரே பழுது மும்முறை எழுதப்பட்டால், நாம் நோயை விட்டுக் குறிக்கு மருந்திடுகிறோம் என்பது தானே புலப்படும். சங்கத்தில் ஒரு சோதனை விளக்கும் ஒரு பெட்டிப் பியூசும் பொதுவாக இருந்தால் அங்கத்தினர் அனைவருக்கும் உதவும். ஒருவர் கற்றதை மற்றவருக்குக் காட்டுவதும் கூட்டுறவின் பாற்பட்டதே.

கூடிப் பேசுவதற்குச் சில வினாக்கள்

1. நம் வண்டியில் பாட்டரி முதல் பின்விளக்கு வரை மின்சாரம் செல்லும் வழியையும் அது திரும்பும் வழியையும் தரையில் வரைந்து காட்ட இயலுமா?

2. பிரேக் மிதிக்கும்போது பின்விளக்கு மங்குவது ஏன்?

3. சோதனை விளக்கின் கிளிப்பை டிரெய்லரில் பிடிக்கலாகாது என்பது எதனால்?

4. நம் சங்கத்து வண்டியின் பின்விளக்கு நேற்றிரவு எரிந்ததா? அதனை நேரில் பார்த்தவர் யார்?

நான்காம் வினாவுக்கு விடை கூற ஒருவரும் இல்லையெனில், இன்று மாலையே எழுந்து சென்று பார்ப்போமாக.