வலிக்காத ஞானப்பல்

"வலிக்கவில்லையே, இருந்துவிட்டுப் போகட்டும்." ஈறுக்குள் புதைந்துபோன ஞானப்பல்லைப் பற்றிப் பலர் எடுக்கும் முடிவு இதுதான். வலி வந்தால் கிராம்பு வைக்கலாம், உப்புநீரில் கொப்பளிக்கலாம். வராதவரை கேடில்லை என்பது நம்பிக்கை. நீர்க்கட்டி விஷயத்தில் இது பொய்த்துவிடுகிறது. முளைக்காத எந்தப் பல்லின் தலையைச் சுற்றியும் மெல்லிய திசுப்பை ஒன்று உண்டு. பல் வெளியே வந்ததும் அதன் வேலை முடிந்துவிடும். தாடையில் இடம் போதாமல் பல் சாய்ந்தோ படுத்தோ சிக்கிக்கொண்டால் பை அங்கேயே தங்கிவிடும். சிலருக்கு அந்தப் பைக்கும் பல்லின் எனாமலுக்கும் நடுவே நீர் சேர்கிறது; இதுதான் நீர்க்கட்டி. பை விரிய விரியச் சுற்றியுள்ள எலும்பு கரைகிறது. சீழ் பிடிக்காமல், மிக மெதுவாக வளர்வதால் வலிப்பதில்லை. வேறெதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் தற்செயலாகத் தென்படும். இல்லையென்றால் கன்னம் வீங்கிய பிறகுதான் தெரியவரும். அதற்குள் பக்கத்துப் பல்லின் வேர் அரிக்கப்பட்டிருக்கலாம், கீழ்த்தாடை எலும்பு எளிதில் முறியும் அளவுக்கு மெலிந்திருக்கவும் கூடும்.

அப்படியானால் புதைந்த ஞானப்பற்களை எல்லாம் எடுத்துவிடலாமே என்று கேட்கலாம். அதுவும் தவறான நம்பிக்கைதான், பயத்தில் பிறந்தது. பெரும்பாலான பைகள் கட்டியாக மாறுவதில்லை. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2000இல், நோயில்லாத புதைபற்களை முன்னெச்சரிக்கையாக எடுக்க வேண்டாம் என்றே வழிகாட்டியது. எக்ஸ்ரேயில் இயல்பாகத் தெரிந்த பைகளிலும் நுண்ணோக்கியில் மாற்றம் கண்டதாகச் சில ஆய்வுகள் சொல்வது உண்மை. ஆனால் அழற்சி கண்ட சாதாரணப் பையும் கட்டியின் தொடக்கநிலையும் நுண்ணோக்கியில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அந்த மாற்றங்களை எல்லாம் கட்டிக் கணக்கில் சேர்ப்பது சரியல்ல. அறுவைக்கும் ஒரு விலை உண்டு. கீழ்த்தாடை நரம்பு ஞானப்பல்லின் வேரை ஒட்டிச் செல்வதால், அது அடிபட்டால் உதடு மரத்துப்போகும். சிலருக்கு அது மீளாது. எடுக்காமல் விடுவது என்றால் மறந்துவிடுவது என்று பொருளல்ல என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இரு தாடையும் ஒரே படத்தில் விழும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் எடுத்துப் பார்க்க வேண்டும். பல்லின் தலையைச் சுற்றிய கருநிழல் இரண்டு மூன்று மில்லிமீட்டரைத் தாண்டினால் சந்தேகிக்கலாம். முன்னால் நிற்கும் கடைவாய்ப்பல் ஓசையின்றிச் சொத்தையாவதும் அப்போதுதான் பிடிபடும்.

மேல்பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போகும் என்ற பேச்சுக்கு அடிப்படையே இல்லை. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. இதைவிடத் தீங்கானது பயாப்ஸி என்ற சொல்லைக் கேட்டதும் புற்றுநோய் என்று முடிவுகட்டுவது. நீர்க்கட்டியின் சுவரில் புற்று தோன்றுவது மிக மிக அரிது. ஆனால் எக்ஸ்ரேயில் ஒரே சாயலில் தெரியும் வேறு இரண்டு உண்டு: எடுத்த பிறகும் திரும்ப வரக்கூடிய கெரட்டோசிஸ்ட், எலும்பை ஊடுருவும் அமிலோபிளாஸ்டோமா. கெரட்டோசிஸ்டை உலக சுகாதார நிறுவனம் 2005இல் கழலை வகையில் சேர்த்து, 2017இல் மீண்டும் நீர்க்கட்டி வகைக்கே கொண்டுவந்தது. நிபுணர்களுக்கே இவ்வளவு யோசனை தேவைப்படும் திசுவைக் கண்ணால் பார்த்து ஒதுக்கிவிட முடியாது. அதனால், சந்தேகத்துக்குரிய பையை எடுத்தால் அது பரிசோதனைக்குப் போனதா என்று கேளுங்கள், அறிக்கையை வாங்கி வையுங்கள். பல்லை எடுக்காமல் விட்டவர்கள் பழைய எக்ஸ்ரேயைத் தூக்கிப் போடாதீர்கள். புதியதோடு அருகருகே வைத்துப் பார்த்தால்தான் நிழல் வளர்ந்திருக்கிறதா என்று மருத்துவரால் சொல்ல முடியும்.