போன் பேட்டரி உப்புகிறதா?

நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கம் பலர் எல்லை தாண்டி, தமிழ்நாட்டின் களியக்காவிளையில் போன் வாங்குவார்கள். அது உப்பினாலோ, கைசுடும் அளவு சூடானாலோ:

1. உடனே அணையுங்கள்; சார்ஜில் போடாதீர்கள். பேட்டரிக்குள் வாயு சேர்ந்திருக்கிறது, தீப்பிடிக்கலாம்.

2. அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள். உள்தகடுகள் ஒன்றையொன்று தொட்டால் ஷார்ட் ஆகும். பிள்ளைகள் கையில் கொடுக்கவே வேண்டாம்.

3. எந்தப் போனையும் தலையணைக்கடியில் வைத்து சார்ஜ் போடாதீர்கள். வெப்பம் வெளியேறாது.

4. புகை வந்தால் மெயின் சுவிட்சை அணைத்து விலகுங்கள்; 101-ஐ அழையுங்கள். அந்தப் புகை நச்சு.

5. கம்பெனி திரும்பக் கேட்டால் தயங்காமல் கொடுங்கள். 2016-இல் சாம்சங் நோட் 7-க்கு மாற்றாகத் தந்த போன்களும் எரிந்தன; தயாரிப்பே நின்றது. 2007-இல் நோக்கியா, சூடாகக்கூடிய பிஎல்-5சி பேட்டரிகளை இலவசமாக மாற்றித் தந்தது. பேட்டரி எண்ணைச் சரிபார்த்தாலே போதுமாக இருந்தது.

6. பில்லைப் பத்திரப்படுத்துங்கள். கடை தமிழ்நாட்டில் இருந்தாலும், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நீங்கள் வசிக்கும் திருவனந்தபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். எல்லை தாண்டி அலைய வேண்டியதில்லை. பலருக்குத் தெரியாத உரிமை இது. ஆலோசனைக்கு 1915-ஐ அழையுங்கள்.